என்கே செல் குறைந்ததால்தான் அக்காவுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வந்ததா?

நீங்கள் கேட்டிருப்பது ஒரு கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே மூன்று இருக்கின்றன. உங்கள் அக்காவுக்கு 47 வயது, கருப்பைவாய்ப் புற்றுநோய், நிலை 2பி. அடுத்த வாரம் கதிர்வீச்சும் கீமோவும் தொடங்குகின்றன. இதற்கிடையில் சொந்தக்காரர் ஒருவர் வெளிநாட்டு நிலையம் ஒன்றின் விளம்பரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். இரத்தம் எடுத்து, அதிலுள்ள என்கே செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களைப் பல மடங்கு பெருக்கி, திரும்ப ஏற்றுவார்களாம். அந்தச் செல்கள் குறைந்ததால்தான் நோய் வந்ததா, குறைவா என்று பார்க்க டெஸ்ட் எடுக்கலாமா, அந்த ஊசிக்காகச் சிகிச்சையை ஒரு மாதம் தள்ளிப்போடலாமா, இவைதான் அந்த மூன்று. கடைசிக் கேள்விக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தள்ளிப்போடாதீர்கள். ஏன் என்பது போகப்போக வரும்.

நான் மருத்துவர் இல்லை. இங்கே சிங்கப்பூரில் நோயெதிர்ப்பு ஆய்வகம் ஒன்றில் 21 வருடமாக வேலை பார்க்கிறேன். இரத்தத்திலிருந்தும் கட்டித் துண்டுகளிலிருந்தும் செல்களைப் பிரித்து எண்ணுவதும், அவை என்ன செய்கின்றன என்று பார்ப்பதும்தான் பிழைப்பு. அதனால் என்கே செல்லைப் பற்றித் தைரியமாகப் பேசுவேன். உங்கள் அக்காவின் ஸ்கேனைப் பார்த்த மருத்துவர் சொல்வதற்கு மேல் ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டேன்.

1975 வாக்கில் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிலையத்தில் ரோல்ஃப் கீஸ்லிங்கும் அவருடன் வேலை செய்தவர்களும், அமெரிக்காவில் ரொனால்ட் ஹெர்பர்மன் குழுவும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் ஒரு விநோதத்தைக் கவனித்தார்கள். புற்றுநோய்ச் செல்லை அதுவரை கண்டிராத எலியின் மண்ணீரல் செல்கள்கூட அதைக் கொன்றன. நோயெதிர்ப்பு மண்டலத்தின் இன்னொரு படையான டி செல்லுக்குப் பழக்கம் வேண்டும். எதிரியை அடையாளம் கண்டு, பெருகி, கிளம்பி வர நாள்கணக்காகும். இவை பழகாமலே கொன்றதால் 'இயற்கைக் கொல்லி' (ஆங்கிலத்தில் நேச்சுரல் கில்லர், சுருக்கமாக என்கே) என்று பெயர் வைத்தார்கள். இயற்கை, கொல்லி என்ற இரண்டு சொல்லும் ஒன்றாகச் சேர்ந்தால் விளம்பரக்காரருக்கு வேறென்ன வேண்டும்! நம் இரத்தத்தில் ஓடும் லிம்போசைட்டுகள் என்ற வெள்ளணுக்களில் நூற்றுக்கு 5 முதல் 15 வரை இவைதான்.

யாரைக் கொல்வது, யாரை விடுவது என்று இவை எப்படி முடிவு செய்கின்றன? உடம்பின் பெரும்பாலான செல்கள் எச்எல்ஏ என்ற புரதத்தை மேற்பரப்பில் நிறுத்தி, உள்ளே தயாராகும் புரதங்களின் துணுக்குகளை அதில் வைத்துக் காட்டிக்கொண்டே இருக்கும். அந்தத் துணுக்கைப் பார்த்துத்தான் உள்ளே வைரஸ் இருப்பதை டி செல் கண்டுபிடிக்கிறது. வைரஸும் லேசுப்பட்டதில்லை, எச்எல்ஏயை மேலே வரவிடாமல் தடுத்துவிட்டால் டி செல்லுக்குக் கண் தெரியாது. என்கே செல்லுக்கு வேலை வருவது அப்போதுதான். இருக்க வேண்டிய எச்எல்ஏ இல்லை என்பதை அது கவனிக்கிறது. சுவீடனின் கிளாஸ் கேர்ரே 1986இல் எலிகளில் இதைக் காட்டினார். அடுத்த அறையில் பிள்ளைகள் அடித்துக்கொண்டால் சத்தம் கேட்டு அப்பா எழுந்து போவார். சத்தமே வரவில்லை என்றால்தான் அம்மாவுக்குச் சந்தேகம் வரும். டி செல் அப்பா, என்கே செல் அம்மா.

சத்தம் இல்லாதது மட்டும் போதாது, கூடவே ஏதாவது புகை வாடையும் வர வேண்டும். மரபணு சேதமடைந்த செல், வைரஸ் புகுந்த செல், கட்டுமீறிப் பெருகும் செல் எல்லாம் மிக்-ஏ, மிக்-பி போன்ற புரதங்களை வெளியே நீட்டும். என்கே செல்லின் மேல் இருக்கும் என்கேஜி2டி என்ற ஏற்பி அதைப் பிடித்துக்கொள்ளும். அடக்கும் சைகைகளையும் தூண்டும் சைகைகளையும் கூட்டிக் கழித்து, தூண்டல் மிஞ்சினால்தான் தாக்குதல்.

அந்தத் தாக்குதலைக் கண்ணால் பார்த்தால் மறக்காது. ஆய்வகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவது ஹீலா செல்லை. அதுவே கருப்பைவாய்ப் புற்றுநோய்தான்; 1951இல் பால்டிமோரில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கட்டியிலிருந்து, அவரைக் கேட்காமலே எடுத்தது. உள்ளே எச்பிவி என்ற வைரஸின் 18ஆம் வகை இருப்பது பிறகுதான் தெரிந்தது. தட்டில் ஹீலா செல்கள் கல்லில் ஊற்றிய தோசை மாவு போலப் பரந்து ஒட்டிக் கிடக்கும். ஊக்கமருந்து கொடுத்த என்கே செல்களை மேலே விடுவேன். சின்ன உருண்டைகள், ஊர்ந்து தடவிப் பார்த்துக்கொண்டே போகும். பலவற்றைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடும். ஏதோ ஒன்றில் நின்றுவிடும். பெர்ஃபோரின் என்ற புரதம் துளை போடும், அதன் வழியே கிரான்சைம் என்ற நொதி உள்ளே போகும். சற்று நேரத்தில் அந்த ஹீலா செல்லின் ஓரமெல்லாம் கஞ்சி கொதிப்பது போலக் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். கொன்ற செல் கழன்று அடுத்ததற்குப் போய்விடும். விளம்பரங்களில் ஓடும் காணொளி இதுதான், பொய் இல்லை. ஆனால் அது தட்டு. அங்கே இரத்தக்குழாய் கிடையாது, கடந்துவர வேண்டிய திசு கிடையாது, எதிரிக்கு ஒளிய இடமும் கிடையாது.

உடம்பில் எச்பிவி ஒளிவதில் கில்லாடி. உலகில் வரும் கருப்பைவாய்ப் புற்றுநோயில் 70 விழுக்காட்டுக்குக் காரணம் 16, 18 என்ற இரண்டே வகைகள். இந்த வைரஸ் இரத்தத்துக்குள் போவதில்லை, செல்லை வெடிக்க வைப்பதும் இல்லை. மேல்தோல் செல்களுக்குள்ளேயே பெருகி, தோல் உதிரும்போது கூடவே உதிர்ந்து அடுத்தவரைத் தேடிப் போகிறது. காய்ச்சலோ வீக்கமோ இல்லாததால் நோயெதிர்ப்பு மண்டலத்துக்கு யாரும் தந்தி அடிப்பதில்லை. அதன் இ5 என்ற புரதம் செய்யும் தந்திரத்தை நான் ரசிக்காமல் இருக்க முடியவில்லை. எச்எல்ஏயில் ஏ, பி, சி, இ என்று வகைகள் உண்டு. டி செல்லுக்குத் துணுக்கு காட்டுவதில் முக்கியமானவை ஏயும் பியும். இ5 அவற்றைக் கீழே இழுத்துவிடுகிறது. என்கே செல்லைச் சமாதானப்படுத்தும் சியையும் இயையும் அப்படியே விட்டுவிடுகிறது. அதாவது பிள்ளைகள் விஷமம் செய்யும் அறையில் டிவியை மட்டும் ஓட விட்டிருக்கிறார்கள், அம்மா எழுந்து வராமல் இருக்க.

இவ்வளவு இருந்தும் எச்பிவி தொற்றில் பத்துக்கு ஒன்பது ஓரிரு ஆண்டுகளில் தானாகவே அடங்கிவிடுகிறது. அதில் பெரும்பங்கு டி செல்களுக்கு, முக்கியமாக சிடி4 வகைக்கு. எச்ஐவி அந்த சிடி4 செல்களைத்தான் தின்கிறது. எச்ஐவி உள்ள பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வரும் ஆபத்து மற்றவர்களைவிட 6 மடங்கு என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதற்கு அதுதான் பின்னணி. என்கே செல்லுக்குப் பங்கே இல்லையா என்றால், உண்டு. காட்டா2 என்ற மரபணுவில் கோளாறோடு பிறப்பவர்களுக்கு என்கே செல்கள் மிகக் குறைந்துபோகும். அவர்களுக்கு அடங்காத மருக்களும் எச்பிவியால் வரும் புற்றுநோய் மாற்றங்களும் அதிகம். என்கே செல்லின் முக்கியத்துவத்துக்கு வலுவான சாட்சி என்று இதைத்தான் எல்லாரும் காட்டுவோம். ஆனால் அதே கோளாறில் மோனோசைட், பி செல், டென்ட்ரிடிக் செல் என்ற மற்ற நோயெதிர்ப்புச் செல்களும் குறைகின்றன. அதனால் பழியை என்கே செல் மேல் மட்டும் போட முடியாது. இது மிக அரிதான நோய். வருபவர்களுக்குப் பெரும்பாலும் இளவயதிலேயே விடாத தொற்றுகள் வந்து காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் அக்கா 47 வயது வரை ஓடியாடி வேலை செய்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு என்கே செல் குறைந்ததால் நோய் வந்தது என்று சொல்ல எந்தக் காரணமும் இல்லை. 16, 18 போன்ற ஒரு வகை பல ஆண்டுகள் அடங்காமல் இருந்துவிட்டது, அதன் இ6, இ7 புரதங்கள் செல்லின் இரண்டு பெரிய பிரேக்குகளான பி53ஐயும் ஆர்பியையும் முடக்கிவிட்டன. நடப்பது பெரும்பாலும் இவ்வளவுதான்.

கட்டி உருவான பிறகு கதை மாறிவிடுகிறது. கருப்பைவாய்க் கட்டியின் மெல்லிய சீவலை என்கே செல் மட்டும் பழுப்பாகத் தெரியும்படி சாயம் ஏற்றிப் பார்ப்போம். திட்டுத்திட்டாக நீலம், அதுதான் புற்றுநோய்ச் செல் கூட்டம். அந்தத் திட்டுகளுக்குள் பழுப்பைத் தேட வேண்டும். ஒரு பார்வைப் புலத்தில் இரண்டு, அடுத்ததில் ஒன்று, அதற்கடுத்ததில் ஒன்றுமில்லை. திட்டுக்கு வெளியே, நார்த்திசுவில், வாசலோடு நின்றுவிட்ட விருந்தாளிகள் மாதிரி இன்னும் சில. அதே நோயாளியின் இரத்தத்தில் என்கே செல் எண்ணிக்கை சாதாரணமாக இருந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். உள்ளே நுழைந்தவற்றுக்கும் நிம்மதி இல்லை. கட்டியிலிருந்து சுரக்கும் டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதம் அவற்றின் என்கேஜி2டி ஏற்பியைக் குறைக்கிறது. மிக்-ஏயைக் கட்டி கத்தரித்து வெளியே விட்டுவிடுவதும் உண்டு. ஏற்பிகள் அந்த வெறும் துண்டுகளிலேயே சிக்கிக்கொள்ளும். பல கட்டிகளில் என்கே செல்லைச் சமாதானப்படுத்தும் எச்எல்ஏ-இ தாராளமாக இருக்கிறது. மெக்சிகோ ஆய்வாளர்கள் 2009இல் கருப்பைவாய்ப் புற்றுநோயும் அதற்கு முந்தைய மாற்றமும் உள்ள பெண்களின் என்கே செல்களில் தூண்டும் ஏற்பிகள் சில குறைந்திருப்பதாக எழுதினார்கள். குறைந்ததால் நோயா, நோயால் குறைந்ததா? ஒரே ஒருமுறை எடுத்த இரத்தம் அதைச் சொல்லாது. என் கணிப்பு இரண்டாவது பக்கம் சாய்கிறது, ஆனால் அது கணிப்புதான்.

இந்த இடத்தில் ஒரு சின்னக் கிளைக்கதை. கருப்பைவாயிலிருந்து சில சென்டிமீட்டர் மேலே போனால் கருப்பையின் உட்சுவர். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் அங்கே இருக்கும் லிம்போசைட்டுகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு என்கே செல்கள்! அவை யாரையும் கொல்வதில்லை, தாயின் இரத்தக்குழாய்களை அகலமாக்கிக் குழந்தைக்கு வழிவிட்டுக்கொண்டிருக்கும். ஒரே குடும்பத்துச் செல், இடத்துக்கு ஏற்ற குணம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு 'என்கே செல் அதிகமானால் புற்றுநோய் ஓடிவிடும்' என்ற வாக்கியம் எனக்குத் தொண்டையில் இறங்குவதில்லை.

டெஸ்ட் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வகை இருக்கிறது. எத்தனை என்று எண்ணுவது ஒன்று, எவ்வளவு கொல்கின்றன என்று அளப்பது இன்னொன்று. மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்து இரத்தம் கொடுத்தால் எண்ணிக்கை கூடும். கடுமையாக உடற்பயிற்சி செய்து முடித்துச் சற்று நேரம் கழித்துக் கொடுத்தால் வழக்கத்தைவிடக் குறைந்திருக்கும். காலை மாலை வித்தியாசமும் உண்டு. கொல்லும் திறனை அளப்பது இன்னும் மோசம். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், மாலை ஐந்தரைக்கு வந்த குழாய்களை 'நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்' என்று குளிர்பெட்டியில் வைத்துவிட்டுப் போனேன். மறுநாள் அத்தனை பேரின் என்கே திறனும் சரிந்து கிடந்தது, என் சொந்த இரத்தமும் சேர்த்து. ஒரே ராத்திரியில் எனக்கு என்ன புற்றுநோயா வந்துவிட்டது? குளிர்தான். அன்றிலிருந்து இந்த எண்களை யார் நீட்டினாலும், 'இரத்தம் எத்தனை மணிக்கு எடுத்தது, எத்தனை மணிக்குப் போட்டது' என்று கேட்காமல் படிப்பதில்லை. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு எந்தச் சிகிச்சை கொடுப்பது என்று முடிவெடுக்க இந்த டெஸ்டைப் பயன்படுத்தும் வழக்கம் இல்லை. உங்கள் பணம் மிச்சம்.

அந்த என்கே ஊசி முழுப் பித்தலாட்டமா? இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். 2005இல் மினசோட்டாவில் ஜெஃப்ரி மில்லர் குழு கடுமையான இரத்தப் புற்றுநோய் உள்ள 19 பேருக்கு உறவினரின் என்கே செல்களை ஏற்றியதில் 5 பேருக்கு நோய் முழுதாக அடங்கியது. என்கே செல்லைப் பெருக்குவதற்கு உலகெங்கும் பயன்படும் ஒரு முறையை உருவாக்கிய டாரியோ கம்பானா நம் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்துக்கு வந்து ஆராய்ச்சியைத் தொடர்ந்தவர். 2020இல் ஹூஸ்டனில் தொப்புள்கொடி இரத்த என்கே செல்லுக்குச் செயற்கை ஏற்பி மாட்டி 11 பேருக்குக் கொடுத்ததில் 8 பேருக்குப் பலன் தெரிந்தது. கவனியுங்கள், இவையெல்லாம் இரத்தத்திலும் நிணநீரிலும் வரும் புற்றுநோய்கள். ஏற்றிய செல் எதிரியைச் சந்திப்பது அங்கே அவ்வளவு கஷ்டமில்லை. திடமான கட்டியில் நான் மேலே சொன்ன வாசல் பிரச்சினை வருகிறது. கருப்பைவாய்ப் புற்றுநோயில் செல் சிகிச்சை என்று கையில் காட்டக்கூடிய பலன் கொடுத்தது டி செல்தான். 2015இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையம், நோய் பரவிவிட்ட 9 பேருக்கு அவரவர் கட்டியிலிருந்தே எடுத்த டி செல்களைப் பெருக்கிக் கொடுத்தது. 3 பேருக்குக் கட்டி சுருங்கியது, அதில் 2 பேருக்கு முழுதாக மறைந்தது. அதுவும் கடும் கீமோவுக்குப் பின், மருத்துவமனைப் படுக்கையில். சுற்றுலாப் பயணியாகப் போய் ஏற்றிக்கொண்டு வருகிற காரியம் இல்லை. சிங்கப்பூரில் 2021 மார்ச் 1 முதல் செல், திசு, மரபணுச் சிகிச்சைப் பொருள்கள் சுகாதார அறிவியல் ஆணையத்தின் தனி விதிகளின்கீழ் வந்துவிட்டன. ஆய்வகத்தில் பெருக்கி வளர்த்த செல் அதிக ஆபத்துப் பிரிவில் வரும். அந்த நிலையத்தின் விளம்பரத்தில் எத்தனை நோயாளிகள், என்ன நிலை, எத்தனை ஆண்டு உயிரோடு இருந்தார்கள் என்ற மூன்று எண்கள் இருக்கின்றனவா என்று தேடிப் பாருங்கள். நீங்கள் இணைத்த படத்தில் நான் தேடினேன். கடற்கரை இருந்தது.

இனி, ஏன் தள்ளிப்போடக் கூடாது. நிலை 2பி என்றால் கட்டி கருப்பைவாயைத் தாண்டிப் பக்கத்துத் திசுவுக்குள் போயிருக்கிறது, இடுப்புச் சுவரை இன்னும் எட்டவில்லை. குணமாக்கும் நோக்கத்தோடுதான் இதற்குச் சிகிச்சை கொடுப்பார்கள். இந்த ஒரு வரியை அக்காவிடம் சொல்லுங்கள். வெளிக் கதிர்வீச்சு, கூடவே வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து, பிறகு உள்கதிர்வீச்சு. முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை மொத்தம் 8 வாரத்துக்குள் முடிய வேண்டும் என்பது உலகெங்கும் பின்பற்றும் கணக்கு. நாள் நீண்டால் கட்டி மறுபடி தலைதூக்கும் வாய்ப்பு கூடுகிறது. தொடங்கிவிட்டு நடுவில் விமானம் ஏறுவது எல்லாவற்றிலும் மோசம், ஏனென்றால் அப்போது கதிர்வீச்சால் லிம்போசைட்டுகள் இறங்கியிருக்கும். பெருக்குவதற்கு எடுக்கும் விதையே சொத்தை. இன்னொன்று, கதிர்வீச்சு மரபணுவைச் சேதப்படுத்தும்போது அந்தச் செல் என்கேஜி2டி பிடிக்கும் மிக்-ஏ போன்ற புரதங்களை அதிகமாக நீட்டுகிறது என்பது ஆய்வகத்தில் தெளிவாகத் தெரிந்த விஷயம். உங்கள் அக்காவுக்குள் அது எவ்வளவு உதவும் என்று அளந்து சொல்ல முடியாது. ஆனாலும் என்கே செல்லுக்கு ஆதரவாக ஏதாவது செய்ய வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டால், அடுத்த வாரம் தொடங்குவதும் அந்தக் கணக்கில் சேரும். மருத்துவர் இம்யூனோதெரபி என்று பேச்செடுத்தால் அதையும் இந்த ஊசியையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பெம்புரோலிசுமாப் டி செல்லின் பிரேக்கை எடுக்கும் மருந்து. நிலை 3 முதல் 4ஏ வரை கதிர்வீச்சோடு சேர்த்துக் கொடுக்க 2024இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2பிக்கு வேண்டுமா என்பது அவர் முடிவு.

'யாரிடமும் சொல்ல முடியவில்லை, என்ன நினைப்பார்களோ' என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். எச்பிவி நடத்தைக்குக் கிடைத்த சான்றிதழ் இல்லை, தாலி கட்டிய ஒருவரோடு மட்டும் வாழ்ந்தவருக்கும் வரும். தாம்பத்தியம் உள்ளவர்களில் பெரும்பாலோர் வாழ்க்கையில் ஒருமுறையாவது வாங்கியிருப்போம், நானும்தான். இங்கே சிங்கப்பூரில், நீங்கள் 30 தாண்டியவர் என்றால் எச்பிவி பரிசோதனை 5 ஆண்டுக்கு ஒருமுறை, 25 முதல் 29 வரை பாப் ஸ்மியர் 3 ஆண்டுக்கு ஒருமுறை. பலதுறை மருந்தகத்தில் கேட்டாலே போதும். கடைசியாக எப்போது எடுத்தீர்கள்? உயர்நிலை ஒன்றில் படிக்கும் பெண்பிள்ளைகளுக்கு 2019இலிருந்து பள்ளியிலேயே தடுப்பூசி போடுகிறார்கள். அக்கா மகளுக்கு அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்களா என்று பாருங்கள். சுவீடனில் 17 வயதுக்குள் போட்டுக்கொண்ட பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் 88 விழுக்காடு குறைந்ததை 2020இல் காட்டினார்கள். அந்தத் தடுப்பூசி வேலை செய்வது ஆன்டிபாடி வழியாக. வைரஸ் செல்லுக்குள் போகும் முன்பே பிடித்துவிடுகிறது.

என்கே செல்லைக் கூட்டும் என்று தேக்காவில் வாங்கிய காளான் பொடியை அக்கா குடிக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தை வாட்டும் மருந்து, ஒவ்வொரு முறையும் இரத்தம் பார்த்துத்தான் ஏற்றுவார்கள். அதனால் தொடங்கும் முன்பே அந்தப் பொட்டலத்தை லேபிளோடு கொண்டுபோய்ப் புற்றுநோய்ப் பிரிவின் மருந்தாளரிடம் காட்டுங்கள். அவர் சரி என்று சொல்லும்வரை டப்பா மூடியே இருக்கட்டும்.